3 சென்ட் கொல்லையில் உணவுக்காடு: ஐந்தாம் ஆண்டில் மிஞ்சுவது என்ன?

உயர மரம், குறுமரம், கீரை, கிழங்கு எல்லாவற்றையும் காடு போல அடுக்கடுக்காகக் கலந்து வைப்பதுதான் உணவுக்காடு. அதை வைத்தவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளைப் பற்றிக் குறையே இருக்காது. வைத்ததெல்லாம் துளிர்க்கும், பப்பாளி காய்க்கும், கீரை அறுக்க அறுக்க வரும். மூன்றாம் ஆண்டில் கிளைகள் ஒன்றோடொன்று கைகோத்ததும் காய்ப்பு சட்டென்று படுத்துவிடும். "நட்டுவிட்டால் தானே பார்த்துக்கொள்ளும்" என்ற பேச்சு அங்கே முடிகிறது. உணவுக்காட்டின் முக்கியக் கருவி மண்வெட்டி என்று நினைக்கிறோம். உண்மையில் அது கிளையை வெட்டிக் குறைக்கும் கவாத்துக் கத்திரி.

இங்கே சொல்வதெல்லாம் வீடு போக 3 சென்ட், அதாவது சுமார் 1,300 சதுர அடி உள்ள சமவெளிக் கொல்லைக்கு. மழை ஐப்பசி, கார்த்திகையில். மாசி முதல் வைகாசி வரை வறட்சி. மலையடிவாரத்துக்கும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் கணக்கு வேறு.

எந்த மரம் என்று பார்க்கும் முன் எந்தத் திசை என்று பார்க்க வேண்டும். ஐப்பசியிலிருந்து மாசி வரை வெயில் தெற்கே சாய்ந்து விழும். உயர மரத்தைத் தெற்கில் வைத்தால் காய்கறி போடும் பருவம் முழுக்க நிழல்தான். மா, தென்னை வடக்கிலும் மேற்கிலும்; கொய்யா, எலுமிச்சை, சீத்தா நடுவில்; தெற்கும் கிழக்கும் திறந்தபடி. கத்தரி, மிளகாய், தக்காளிக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். மர நிழலில் அவை உயரமாக வளர்ந்து பூவை உதிர்க்கும், அவ்வளவுதான். காடு என்ற பெயருக்காக அந்த வெட்டவெளியையும் மரத்தால் நிரப்பிவிடாதீர்கள்.

இந்த அளவு இடத்துக்கு ஒரு ஒட்டு மா, இரண்டு கொய்யா, ஒரு எலுமிச்சை, ஒரு முருங்கை, ஒரு சீத்தா, இரண்டு பப்பாளி, நான்கு வாழை போதும். ஏற்கெனவே தென்னை இருந்தால் மா வேண்டாம். பலாவுக்கு இங்கே இடமே கிடையாது. 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களைப் பெயர்த்துப் போட்டதைப் பார்த்தவர்கள் வீட்டுச் சுவருக்கு 20 அடிக்குள் பலா வைக்க மாட்டார்கள்.

முதல் ஆண்டு ஆடி, ஆவணியில் மரம் நட அவசரப்பட வேண்டாம். மண்ணுக்கு உரமாகும் பசுந்தாள் பயிரான சணப்பு விதையை 600 கிராம் தூவி, 45 முதல் 50 நாளில் பூ எடுக்கும்போது மடக்கி உழுதுவிட வேண்டும். பூவைத் தாண்டினால் தண்டு நாராகி மக்க நாளாகும். பிறகு மாவுக்கு 3 அடி, மற்றவைக்கு 2 அடி நீள அகல ஆழத்தில் குழி. மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுவுரமும் 1 கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து மூட வேண்டும். களிமண்ணில் இந்தக் குழி ஐப்பசி மழையில் தொட்டியாக மாறி வேரை அழுகவைக்கும். அங்கே குழியை முழுக்க மூடி, அதன்மேல் ஓரடி மேடு கட்டிக் கன்றை வைப்பதே பாதுகாப்பு. எலுமிச்சை போவது பெரும்பாலும் இப்படித்தான். பழியோ பூச்சியின் மேல் விழும்.

இளங்கன்றுக்கு மேற்கே 3 அடி தள்ளி அகத்தி விதை ஊன்றினால் முதல் கோடைக்கு நிழல் கிடைக்கும், தழையும் மண்ணுக்குப் போகும். மூன்றாம் ஆண்டு அதை அடியோடு எடுத்துவிட வேண்டும். மனசு வராது, ஆனால் அகத்தி காற்றில் முறிந்து விழுவது அது காப்பாற்றிய கொய்யாவின் மேலேயே. வேலியோரம் தழை மரமான கிளைரிசிடியாவின் போத்துகளை (கிளைத் துண்டுகளை) நட்டு ஆண்டுக்கு மூன்று முறை வெட்டினால், மண்ணை மூடிப் பரப்பும் மூடாக்குத் தழைக்கு வெளியே அலைய வேண்டியதில்லை.

மூடாக்கு அரை அடி கனம் வேண்டும். அதற்குக் குறைந்தால் களை நடுவே எட்டிப்பார்க்கும். மூன்று மாதத்தில் அது இரண்டு அங்குலமாக அமுங்கும். மறுபடி போட வேண்டும். தண்டைச் சுற்றி அரை அடி விட்டே போடுங்கள். ஒட்டிப் போட்டால் மழையில் தூர்ப்பட்டை அழுகும். காய்ந்த மூடாக்கில் கரையான் வந்தே தீரும். அதற்கு முதலில் பிடிப்பது செத்த பொருள்தான்; ஈரம் இல்லாதபோது கன்றின் பட்டைக்குப் போகும். கோடையில் மூடாக்கின் அடியை ஈரமாக வைத்திருப்பதே மருந்து.

இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாதது வாழை வட்டம். 6 அடி அகலம், 2 அடி ஆழத்தில் குழி. தோண்டிய மண்ணைக் கரையாகக் கட்டி அதில் நான்கு வாழை. குழிக்குள் சருகு, சமையல் கழிவு, குளியலறைத் தண்ணீர். கோடையில் ஒரு வாழைக்கு நாளுக்கு 15 முதல் 20 லிட்டர் வேண்டும். வீட்டுக் கழிவுநீர் அதைக் கொடுத்துவிடும். தண்ணீர் குழியில் தேங்கி நின்றால் கொசு, எனவே மேலே சருகு எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். தாய் மரத்துக்கு ஒரு பக்கக்கன்று மட்டும் விடுங்கள். நான்கைந்தை விட்டால் எல்லாத் தாரும் சிறுத்துப்போகும். இலைகள் சிறுத்துக் குடுமி போல ஒரே இடத்தில் குவிந்தால் அது முடிக்கொத்து நோய். மருந்து தேட வேண்டாம், கிழங்கோடு தோண்டி எடுத்துவிடுங்கள்.

நிழலில் உண்மையாகவே பலன் தருவது மண்ணுக்கடியில்தான். சேனை, மஞ்சள், இஞ்சி, சேம்பு, கூவைக்கிழங்கு எல்லாம் கொய்யாவின் அரை நிழலில் வரும். சித்திரை, வைகாசியில் அரைக்கிலோ சேனைத் துண்டு வைத்தால் தை, மாசியில் தோண்டலாம். கறிவேப்பிலை ஓரளவு நிழல் தாங்கும், ஆனால் இலை மெலியும். தவசிக்கீரை அடர்நிழலிலும் தளதளவென்று நிற்கும். அதைச் சமைத்து, அளவாகச் சாப்பிட வேண்டும். தைவானில் 1990-களில் உடல் இளைக்க அதைப் பச்சையாக அரைத்துக் குடித்தவர்களுக்கு நுரையீரல் கெட்டது. மிளகுக் கொடி? சமவெளியின் சித்திரைக் காற்றில் இலை கருகும். ஆசை விடாதவர்கள் தொட்டியில், கொடியாகப் படராத புதர் மிளகு வைக்கலாம். ரம்புட்டானுக்குச் செலவழிப்பதை விட இன்னொரு கொய்யா வைப்பது மேல்.

தென்னை இருக்கும் கொல்லையில் 2016-க்குப் பிறகு ஒரு புதுத் தலைவலி உண்டு. அந்த ஆண்டு பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ மட்டையின் அடியில் இருந்து தேன் போன்ற திரவத்தைச் சொரியும். கீழே உள்ள வாழை, கொய்யா, கீரை எல்லாவற்றின் மேலும் கரும்பூசணம் படரும். அடுக்கு அடுக்காக வைத்ததன் விலை இது. கடும் விஷம் அடித்தால் இந்த ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவி முதலில் சாகும். மட்டையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். கருமை படிந்த இலையில் லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாக்கித் தெளித்தால் காய்ந்து செதிலாக உதிரும்.

கவாத்துக் கணக்கு இது. மாவை நட்டபின் இரண்டரை அடியில் தலைவெட்டி, பிறகு ஆண்டுதோறும் காய் முடிந்த ஆடிக்குள் 12 அடிக்கு மேல் போகாமல் குறைக்க வேண்டும். ஐப்பசிக்குப் பிறகு மாவை வெட்டினால் வரும் தையில் பூவுக்குப் பதில் தளிர்தான். முருங்கையை 3 அடியில் வெட்டிக்கொண்டே இருங்கள். உயர விட்டால் மழைக்காலக் கம்பளிப்பூச்சியும் கைக்கு எட்டாது, காயும் எட்டாது. பப்பாளி மூன்று ஆண்டுக்கு மேல் ஓடாது. இரண்டாம் ஆண்டிலேயே அடுத்த கன்றை வேறிடத்தில் வைத்துவிட வேண்டும். ஒரு குழிக்கு மூன்று நாற்று வைத்து, பூ வந்தபின் ஆண் மரத்தை நீக்குவதுதான் வழி.

வீட்டுச் சுவரைச் சுற்றி 6 அடிக்கு எதுவும் வைக்காதீர்கள், சருகுக் குவியலும் கூடாது. எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். அந்த 6 அடிக்கு அப்பால் உள்ள மரங்களிலும் முழங்கால் உயரத்துக்குக் கீழே கிளை விடாமல் கழித்துவிட்டால், மாலையில் டார்ச் அடித்தாலே தரை தெரியும். மழைக்கால ஆப்பிரிக்க நத்தையைப் பொறுக்கி எடுப்பதும் அந்த வெளிச்சத்தில்தான்.