நாய்க்குட்டி தத்தெடுக்க மூன்று காப்பகங்கள்: ஒரு மதிப்புரை

விலை கொடுத்து வாங்குவதில்லை, காப்பகத்திலிருந்துதான் எடுப்பது என்று வீட்டில் முடிவானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினால் மாலைக்குள் குட்டியோடு திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தோம். ஐந்து வாரங்கள் ஆயின. சென்னையிலும் புறநகரிலுமாக மூன்று காப்பகங்களுக்குப் போனோம். மூன்றும் நன்கொடையை நம்பி நடப்பவை. அவற்றில் ஒன்றைப் பற்றிக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருப்பதால் எதன் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. எந்தப் பெயர்ப்பலகையின் கீழ் போய் நின்றாலும் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவினால் போதும்.

பிராணிகள் நலப் பணியில் சென்னைக்கு நீண்ட மரபு உண்டு. கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் இந்த ஊரில் பிறந்ததுதான்; ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் 1962-இல் அமைந்த இந்தியப் பிராணிகள் நல வாரியமும் பல பத்தாண்டுகள் இங்கிருந்தே இயங்கியது. அப்படியிருந்தும், காப்பகத்தைக் குட்டிகள் இலவசமாகக் கிடைக்கும் கடையாக நினைத்துக்கொண்டு வருபவர்கள் இன்றும் நிறையப் பேர். தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவதுதான் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின் அடிப்படை. ஆகவே காப்பகத்தில் நாம் பார்க்கும் குட்டிகளில் பெரும்பாலானவை தாயை வண்டியில் பறிகொடுத்தவையாகவோ, இரவோடு இரவாக அட்டைப்பெட்டியில் வைத்து வாசலில் விட்டுச் செல்லப்பட்டவையாகவோ இருக்கின்றன.

முதல் காப்பகத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கைப்பேசியில் படம் பார்த்து மயங்கிப் போனோம். அந்தப் படம் எடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. படத்தில் உள்ளங்கையில் அடங்கியிருந்த குட்டி, நேரில் என் மகளின் இடுப்பில் முன்னங்கால்களை ஊன்றி நின்றது. அங்கிருந்தவர்கள் அன்பானவர்கள், ஆனால் தொலைபேசியை எடுப்பதற்குத்தான் ஆளில்லை. வளர்ந்த நாயாக இருந்தாலும் சரி என்பவர்கள் அங்கே தாராளமாகப் போகலாம்.

இரண்டாவது காப்பகம் பார்த்தவுடன் பிடித்துப்போகும் இடம். டைல்ஸ் பதித்த வரவேற்பறை, குளிர்ந்த தண்ணீர், சிரித்த முகம், 20 நிமிடத்தில் குட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும் வேகம். வெவ்வேறு ஈற்றுக் குட்டிகள் எல்லாம் ஒரே அடைப்புக்குள் இருந்தன. வருபவர்கள் ஒன்றைத் தூக்கி, கொஞ்சி, இறக்கிவிட்டு, அதே கையால் அடுத்ததைத் தூக்கினார்கள். கை கழுவச் சொல்ல யாருமில்லை. மூலையில் ஒரு குட்டி, பால்சாதத் தட்டு வந்தபோதும் தலையைத் திருப்பாமல் படுத்திருந்தது. அதன் பின்னங்கால்களில் ஈரம். கேட்டபோது, "தண்ணி ஒத்துக்கலைங்க, லேசா பேதி" என்றார்கள். அது உண்மையாகவே வெறும் பேதியாக இருந்திருக்கலாம். ஆனால் குடலைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் குட்டிகளுக்கு வந்தாலும் சோர்வு, தீனி மறுப்பு, வாந்தி, பிறகு இரத்தம் கலந்த கழிச்சல் என்றுதான் தொடங்கும். தொற்றி ஒரு வாரம் வரை எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கக்கூடும். கை, செருப்பு, தட்டு எதன் மூலமும் பரவும். மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். ஒரு குட்டிக்குக் கழிச்சல் என்றால் அதைத் தனியாக வைத்திருக்க வேண்டும் என்பது அந்த டைல்ஸ் போட்டவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா என்ன?

தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்ததில் சந்தேகம் வலுத்தது. மூன்று வரிகளும் ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதியதுபோல இருந்தன. ஊசி போட்ட கையோடு மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டை உரித்து அட்டையில் ஒட்டுவது கால்நடை மருத்துவர்களின் வழக்கம். மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் எல்லாம் அதில் இருக்கும். இந்த அட்டையில் ஒட்டுச்சீட்டும் இல்லை, கையொப்பமும் இல்லை. குட்டிக்கு 45 நாள் என்றார்கள். ஆனால் மூன்று மாதம் நெருங்கும்போது போடவேண்டிய வெறிநோய்த் தடுப்பூசியையும் போட்டாயிற்று என்று அட்டை சொன்னது. இதற்கெல்லாம் மேலாக, 'கட்டாய நன்கொடை' 3,000 ரூபாய். கட்டாயம் என்ற சொல்லும் நன்கொடை என்ற சொல்லும் எப்படி ஒரே வரியில் உட்கார்ந்தன என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. என் மகள் அதற்குள் ஒரு குட்டிக்குப் பெயரே வைத்துவிட்டிருந்தாள். அன்று வீடு திரும்பிய பயணத்தில் எங்களுக்குள் பேச்சில்லை.

மூன்றாவது காப்பகத்துக்கு நல்ல சாலைகூடக் கிடையாது. தகரக் கூரை, காங்கிரீட் தரை, வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தட்டு. செருப்போடு அதில் இறங்கி ஏறித்தான் உள்ளே போக முடியும். மகள் கம்பிவலைக்குள் கைவிடப் போனதும், குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அங்கிருந்தே சத்தம் போட்டார்: "தொடாத பாப்பா, கையக் கழுவிட்டு வா." புதிதாக வந்த குட்டிகளுக்குத் தனி அறை இருந்தது, இரண்டு வாரம் கழியாமல் அங்கிருந்து எந்தக் குட்டியும் வெளியே வராது, வெளியாட்களும் உள்ளே போக முடியாது. அந்த அறைக்கென்று தனித் துடைப்பமும் தனித் தட்டுகளும் வைத்திருந்தார்கள். இந்த ஐந்து வாரத்தில் நான் பார்த்தவற்றில் என் மனத்தை நிறைத்தது அந்தத் தனித் துடைப்பம்தான்.

குட்டியை அவர் காட்டிய விதத்தையும் சொல்ல வேண்டும். செம்பழுப்பு நிறம், நான்கு பாதங்களிலும் வெள்ளை, ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருந்தது. உதட்டை மேலே தூக்கி ஈறு வெளுக்காமல் இருப்பதைக் காட்டினார்; வயிற்றைத் தடவி, பூச்சிமருந்து கொடுத்த பிறகுதான் உப்பல் வடிந்தது என்றார்; காது மடலில் முடி உதிர்ந்திருந்த இடத்தைத் தாமாகவே சுட்டி, சொறிக்கு மருந்து முடிந்துவிட்டது, முடி முளைக்க இன்னும் சில வாரம் ஆகும் என்றார். "ராத்திரி அழும்மா, ஒரு வாரம் தூங்க விடாது" என்ற எச்சரிக்கையும் வந்தது. குறையை முதலில் சொல்லும் இடத்தில் நிறையைப் பற்றிக் கேட்க வேண்டியதே இருக்கவில்லை. கடைசியாக, "பொட்டைக் குட்டி, பரவால்லையா?" என்று கேட்டார். வருபவர்கள் ஆண் குட்டியாகவே கேட்கிறார்களாம். அதிலும் கறுப்பாக இருந்துவிட்டால் திரும்பியும் பார்ப்பதில்லையாம்.

குட்டியை உடனே தரவில்லை. சொந்த வீடா, வாடகை வீடா, எத்தனையாவது மாடி, பால்கனிக்குக் கம்பி உண்டா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், முன்பு வளர்த்த நாய் எப்படி இறந்தது என்று நான்கு பக்கப் படிவம். கடைசிக் கேள்வி என்னைச் சற்றுச் சீண்டியது என்பதை மறைப்பதற்கில்லை. வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதமும் கேட்டார்கள். குறை சொல்வதென்றால், படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டைப் பார்க்க வருகிறோம் என்று இரண்டு முறை நாள் குறித்து இரண்டு முறையும் மாற்றினார்கள். மூன்றாம் முறை வேலைநாளில் வந்ததால் நான் அரைநாள் விடுப்பு எடுக்க வேண்டியதாயிற்று. தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தும் இடம் என்பதால் பொறுத்துக்கொண்டேன், ஆனாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

பிறந்து ஒன்பதாவது வாரத்தில் குட்டி எங்கள் கைக்கு வந்தது. அட்டையில் முதல் ஊசியின் ஒட்டுச்சீட்டு இருந்தது. அடுத்த ஊசிகளின் நாள்கள் பென்சிலால் குறித்திருந்தன. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடலில் இருக்கும்வரை தடுப்பூசி முழுமையாகப் பிடிக்காது என்பதால், 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஊசியைத் திரும்பப் போட வேண்டும் என்றும், அதுவரை தெருமண்ணில் இறக்கக் கூடாது என்றும் அவர்களின் மருத்துவர் விளக்கினார். ஆறு மாத அளவில் கருத்தடை செய்ய வேண்டும், வளர்க்க முடியாமல் போனால் வேறு யாரிடமும் கொடுக்காமல் அவர்களிடமே திருப்பித் தர வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றை வைத்து மாநகராட்சியில் உரிமம் வாங்கியதும் அதன் நகலைக் கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். பணம் கேட்கவில்லை, ஓர் உண்டியல் இருந்தது. என்ன தேவை என்று நானாகக் கேட்டபோது, அரிசி என்றார்கள். இரண்டு மூட்டை கொண்டுபோய்க் கொடுத்தோம்.

இரவு அழுகையைப் பற்றி அந்த அக்கா சொன்னதில் மட்டும் சிறு பிழை. ஒரு வாரம் அல்ல, பதினொரு நாள். பதினைந்தாம் நாள் அவரே தொலைபேசியில் அழைத்து, தட்டில் தண்ணீர் குடிப்பதைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்.

போன மாதம் உரிமத்தின் நகலைக் கொடுக்க மறுபடியும் அங்கே போயிருந்தேன். எங்கள் குட்டியோடு பிறந்த கறுப்புப் பெண் குட்டி கம்பிவலை அருகில் வந்து நின்றது. பால்பற்களில் முன்வரிசை விழத் தொடங்கியிருந்தது.