மேசைமேல் ஒரு டபிள்யூ11

மெர்சிடிஸ் டபிள்யூ11 என்ற ஃபார்முலா 1 பந்தயக் காரின் 1:18 அளவு மாதிரியை வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன். 2020இல் 17 பந்தயங்களில் 13 வெற்றிகள் பெற்ற கார். அந்தக் கறுப்பு நிறத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். பின்பகுதி குடுவையின் கழுத்துபோல் ஒடுங்குவதை விரலால் தடவிப் பார்க்கலாம், 1.6 லிட்டர் வி6 டர்போ என்ஜினும் இரண்டு மின்மோட்டார்களும் அதற்குள் எப்படித்தான் அடங்கினவோ!

ஆனால் ஸ்டியரிங் அசையவில்லை. நிஜக் காரில், நேர்ப்பாதையில் ஓட்டுநர் ஹாமில்டன் அதைத் தன் பக்கம் இழுத்தால் முன்சக்கரங்களின் கோணம் மாறும். அதுதானே இந்தக் காரின் குறும்பு, 2021இல் தடைசெய்யப்பட்ட குறும்பு? அதை விட்டுவிட்டு இவ்வளவு விலையா?

இடது முன்சக்கரம் சற்றுத் தளர்வாக வந்தது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் கடைசிச் சுற்றில் அதே டயர் காற்றிழந்தும் ஹாமில்டன் வென்றதை நினைத்து, திருப்பி அனுப்பாமல் விட்டுவிட்டேன்.