மெஸ்ஸும் சாக்கடையும்: ஏழு வருட அனுபவம்

2018 ஜூனில் கோவை காந்திபுரம் பக்கம் 40 பேர் உட்காரும் மெஸ் ஒன்றை ஆரம்பித்தோம். அதற்கு முன் அந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. ஒரு பாத்ரூம், ஒரு வாஷ்பேசின், அவ்வளவுதான் அவர்களுக்குத் தண்ணீர்ப் புழக்கம். அந்தக் கழிவுக் குழாயை நம்பித்தான் நான் சமையலறை போட்டேன். இந்த ஏழு வருடத்தில் பிளம்பிங்குக்குக் கொட்டிய பணத்தில் பாதி அந்த ஒரு தப்புக்குப் போனது.

"ரெண்டரை இஞ்சு குழாயே தாராளங்ணா" என்றார் பிளம்பர். வீட்டுக்குத் தாராளம்தான். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை பாத்திரத் தொட்டியில் தண்ணீர் நிற்காமல் ஓடும் கடைக்கு அது பத்தவில்லை. அடிக்கடி அடைத்துக்கொண்டது. எண்ணெய்தான் காரணம் என்று நினைத்து என்னென்னவோ பவுடர் வாங்கிக் கொட்டினேன். கடைசியில் பார்த்தால், ஆரம்பித்து வைத்தது வடிகஞ்சி. சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தோம். சாதாரண பிவிசி குழாய் 60 டிகிரிக்கு மேல் தாங்காது. கஞ்சியோ கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தினமும் இரண்டு வேளை இப்படி ஊற்றியதில், அடியில் மண் சரியாக நிரப்பாத இடத்தில் குழாய் இளகித் தொய்ந்துவிட்டது. தொய்ந்த இடத்தில் கஞ்சி தேங்கி, ஆறி, பசையாக ஒட்டும். அதன்மேல் எண்ணெய் படியும். எட்டாவது மாதம் டைல்ஸை உடைத்தபோது, தொந்தி விழுந்த மாதிரி கிடந்தது குழாய். மூன்று நாள் கடை மூடல், புது டைல்ஸ் செலவு வேறு.

இரண்டாம் முறை 110 மில்லிமீட்டர், அதாவது நாலு இஞ்சு குழாய் போட்டோம். ஓர் அடிக்குக் கால் இஞ்சு சரிவு. திரும்பும் இடங்களில் செங்கோணமாக மடங்கும் எல்போ வேண்டாம் என்று சொல்லி, 45 டிகிரி பெண்ட் இரண்டிரண்டாகப் போடச் சொன்னேன். குச்சி விட்டுக் குத்த வசதியாக மூடி வைத்த டோர் பெண்ட்டும் உண்டு. மூடுவதற்கு முன், பக்கத்தில் அளவு டேப்பை நீட்டி வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டேன். அதற்கு அப்புறம் இரண்டு முறை அந்தப் போட்டோ என்னைக் காப்பாற்றியிருக்கிறது. கஞ்சி இப்போது டிரம்மில் ஆறுகிறது. சாயங்காலம் மாட்டுக்காரர் வந்து எடுத்துப் போகிறார்.

கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரித்துப் பிடிக்கும் தொட்டியான கிரீஸ் டிராப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகக் கடை போடுகிறவர்கள் முதலில் வெட்டுகிற செலவு இதுதான். இதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் எண்ணெய் மேலே மிதக்கும், பருக்கை அடியில் தங்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் வெளியே போகும். நான் முதலில் வாங்கியது தொட்டிக்கு அடியில் வைக்கும் சின்ன ஸ்டீல் பெட்டி. கூட்ட நேரத்தில் தண்ணீர் வரும் வேகத்துக்கு எண்ணெய் பிரிய நேரமே இல்லாமல், வந்த மாதிரியே போய்விடும். பிறகு கடைக்கு வெளியே பெரிதாகக் கட்டினோம். எண்ணெயும் கசடும் சேர்ந்து கால்வாசி ஏறினால் சுத்தம் செய்துவிட வேண்டும். எங்களுக்கு வாரம் ஒருமுறை வருகிறது. அந்த நாற்றத்துக்குப் பழகுவேன் என்று நினைத்தேன், இன்னும் பழகவில்லை.

ஒரு தீபாவளி வாரம் தெரு லைன் அடைத்து, சாக்கடை எங்கள் பாத்ரூம் வழியாக உள்ளே ஏறியது. வாசலில் வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள். "ஆளை இறக்கினா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிருங்ணா" என்று ஒருவர் வந்து நின்றார். முடியாது என்றேன். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் விஷவாயுவில் ஒரு உயிர் போகலாம், என் தீபாவளி வியாபாரத்துக்காக. மாநகராட்சியில் சொல்லி, மெஷின் வண்டி வந்து சரி செய்ய மறுநாள் ஆகிவிட்டது. அதற்குப் பின் வெளியேறும் லைனில், போன தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டேன். முதல் நாளே போட்டிருக்க வேண்டியது.

இனி தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர், கழுவ போர்வெல்லில் வரும் உப்புத் தண்ணீர். கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்பது குடிநீருக்கான இந்தியத் தர அளவு. எங்கள் போர் 780 காட்டியது. அதை இட்லி பாய்லரில் விட்டோம். உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு ஓடு கட்டி, ஆவி வர நேரமாகி, கேஸ் கூடுதலாகச் செலவானது. இப்போது பாய்லர் லைனுக்கு மட்டும், கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் இருக்கிறது. சாஃப்ட்னர் போட்டால் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அது சுண்ணாம்பைத்தான் எடுக்கும், மொத்த உப்பு குறையாது.

டேங்க்: உணவகத்தில் ஒரு இருக்கைக்கு நாளைக்கு 70 லிட்டர் என்பது கட்டட விதிகளில் இருக்கும் கணக்கு. 40 இருக்கைக்கு 2,800 லிட்டர். நான் 1,000 லிட்டர் டேங்க் வைத்து, இரண்டு மணிக்குக் கை கழுவத் தண்ணீர் இல்லாமல் ஆட்களை நிறுத்தியவன். இப்போது 3,000. நிறைந்தால் மூன்று டன் என்பதால், பீம் இருக்கும் இடத்தை இன்ஜினியரிடம் கேட்டுத்தான் ஏற்றினோம்.

கை கழுவும் தண்ணீர் டேப்புக்குச் செலவு செய்யாதீர்கள். சென்சார் டேப் ஒரு வருடத்தில் உப்புக் கறை ஏறிப் படுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்குமே, முழங்கையால் தட்டும் நீளக் கைப்பிடி, அதுதான் சாம்பார்க் கைக்குச் சரி.

போன மாதம் இரண்டாவது கடைக்கு ஒரு இடம் பார்க்கப் போனோம். புரோக்கர் ஏசியையும் பார்க்கிங்கையும் காட்டிக்கொண்டிருந்தார். நான் பின்பக்கம் போய், கழிவுக் குழாய் வந்து சேரும் சேம்பரின் மூடியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே இருந்த குழாய், கடையின் தரை மட்டத்துக்கே இருந்தது. சரிவுக்கு இடமே இல்லை. வாடகை என்ன என்று கேட்காமலே வண்டியை எடுத்தோம்.