செவலமர் 800 மி.கி.: கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கும்?

டயாலிசிஸ் செய்பவர்களின் மருந்துச் சீட்டில் 'பாஸ்பரஸ் மாத்திரை' (சாப்பாட்டின் பாஸ்பரஸ் இரத்தத்தில் ஏறாமல் தடுப்பது) என்று பெரும்பாலும் கால்சியம் அசிடேட் இருக்கும், இல்லையென்றால் செவலமர் கார்பனேட். செவலமர் விலை கூடுதல். அதற்கு முக்கியமாகக் கிடைப்பது ஒன்றுதான்: உடம்பில் கால்சியம் சேராது.

கால்சியம் அசிடேட் 667 மி.கி. மாத்திரை ஒன்றில் 169 மி.கி. கால்சியம் உண்டு, நாளைக்கு ஆறு போட்டால் ஒரு கிராமைத் தாண்டிவிடும். பாஸ்பரஸ் மிகுந்த இரத்தத்தில் குழாய்ச் சுவரின் தசைச் செல்கள் எலும்புச் செல்களைப் போல மாறத் தொடங்கும். அதோடு கால்சியமும் சேர்ந்தால் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைக்கும். செவலமர் ஒரு பாலிமர், அதாவது நீளச் சங்கிலி போன்ற செயற்கைப் பொருள். குடலிலேயே பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். 2002-இல் வெளியான ஆய்வில், கால்சியம் மாத்திரை போட்டவர்களைவிட செவலமர் போட்டவர்களுக்கு இதயக் குழாய்ச் சுண்ணாம்பு கூடுவது குறைவாக இருந்தது. 2007-இன் பெரிய ஆய்விலோ மொத்த இறப்பில் தெளிவான வித்தியாசம் இல்லை. அதனால் ஐந்து நட்சத்திரம் தர முடியாது. கெட்ட கொழுப்பும் குறைவது உபரி லாபம்.

வெறும் வயிற்றில் போட்டால் காசு வீண். சாப்பாட்டோடுதான் போட வேண்டும், இரத்தப் பாஸ்பரஸ் 5.5 மி.கி./டெ.லி.-க்கு மேல், 7.5-க்குள் இருந்தால் வேளைக்கு ஒன்று என்பதே வழக்கமான தொடக்க அளவு. கறி, மீன், பருப்பு மிகுந்த வேளைக்குக் கூடுதலாகப் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். கோலாவிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கும் பாஸ்பேட்டைக் குடல் ஏறக்குறைய முழுதாக உறிஞ்சும். அதை மாத்திரையால் ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

மாத்திரை பெரிது, ஈரம் பட்டால் உப்பும். உடைக்காமல், மெல்லாமல் விழுங்க வேண்டும். முடியாதவர்களுக்குப் பொடி உண்டு: 2.4 கிராம் பொட்டலத்தை 60 மி.லி. தண்ணீரில் கலக்கி அரை மணிக்குள் குடிக்க வேண்டும். அந்தத் தண்ணீரையும் அன்றைக்குக் குடிக்கலாம் என்ற தண்ணீர் அளவில் சேருங்கள்.

பெரிய தொல்லை மலச்சிக்கல். அதற்காக மெக்னீசியம் கலந்த பேதி மருந்தை வாங்கிவிடாதீர்கள், சிறுநீரகம் அதை வெளியேற்றாது. லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் செவலமருக்கு 2 மணி முன்போ 6 மணி பின்போதான் போட வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இடைவெளி வேண்டும். குடல் அடைப்பு உள்ளவர்களுக்கு இது கூடாது. இரத்தத்தில் கால்சியம் குறைவாக உள்ளவருக்கு மலிவான அசிடேட்டே பல சமயம் போதும்.