ஐம்பது ஊசிச் சொக்கெட்டா, மூன்று ரிங் ஸ்பானரா?

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நட்டுக் கழற்ற, நுனியில் வளையமுள்ள ரிங் ஸ்பானர்தான். இரண்டுக்கும் காசு கொடுத்துப் பார்த்தவன் நான்.

‘எல்லா நட்டுக்கும் ஒரே சொக்கெட்’ விளம்பரத்தை நீங்களும் கண்டிருப்பீர்கள். உள்ளே ஐம்பதுக்கு மேல் சின்னச் சின்ன உருக்கு ஊசிகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஸ்பிரிங். நட்டின் மேல் அமத்தினால் நடு ஊசிகள் உள்ளே போகும், சுற்றியிருப்பவை நட்டைப் பிடிக்கும். 7 முதல் 19 மில்லிமீற்றர் வரை சரிவரும் என்று பெட்டியில் போட்டிருந்தது. நியாயமாகச் சொன்னால், நுளம்பு வலைக் கொக்கியை முகட்டில் முறுக்க அதைப்போல வசதி வேறில்லை. ஆனால் இறுகின நட்டில் பலம் கொடுத்தால் வழுக்கும், மூலை மழுங்கும். ரிங் ஸ்பானர் ஆறு மூலையையும் சேர்த்துப் பிடிக்கும். இது தெரிந்த கதைதான்.

எனக்கு விஷயத்தை முடித்துவைத்தது துரு. தென்மேல் காற்று தொடங்கினால் எங்கள் பல்கனிக் கம்பியில் விரலை வைத்தாலே உப்புப் பிசுபிசுக்கும். அந்தக் காற்று சொக்கெட்டுக்குள் போனால் துடைக்க வழியில்லை. எண்ணெய் விட்டேன், தூசியும் சேர்ந்து களியாகிவிட்டது. ஒரு மழைக்காலம் முடிய, பத்துப் பன்னிரண்டு ஊசி உள்ளே போனது போனதுதான், வெளியே வரவில்லை. தண்ணி மோட்டர் நட்டில் போட்டுத் திருப்ப, சொக்கெட் மட்டும் சுற்றியது. ஸ்பானருக்கு அந்தச் சோலி இல்லை: ஒரே துண்டு இரும்பு. பழைய சாரத் துண்டில் இரண்டு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய் விட்டுத் துடைத்தால் சரி.

ஒரே ஆயுதம் பல நட்டுக்கு என்பதே பிழை என்று சொல்லவில்லை. சுவீடனில் யொஹான்சன் என்பவர் 1892இல் காப்புரிமை எடுத்த, வாயை அகட்டிச் சுருக்கும் திருகு ஸ்பானரும் அதே எண்ணம்தான். அதில் அசைவது ஒரு தாடையும் ஒரு திருகும், கழற்றித் துடைக்கலாம்.

பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார்க் கடைகளில் ஸ்பானரைத் தனித்தனியாகவும் கேட்டு வாங்கலாம். ‘குரோம் வனேடியம்’ (உறுதியான உருக்கு வகை) என்று பொறித்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள், எதிலும் பொறிக்கலாம். கடையிலேயே ஒரு புது போல்ட்டைக் கேட்டு வாங்கி, வளையத்தை மாட்டி ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் திருப்பிக் கொடுங்கள். ஜப்பான் மோட்டார் சைக்கிள் என்றால் 10, 12, 14 மில்லிமீற்றர். ஐரோப்பிய அளவுச் சாமானுக்கு 10, 13, 17. மூன்று ஸ்பானருக்கும் சேர்த்து நான் கொடுத்தது சொக்கெட்டின் விலையைவிடக் கூடத்தான்.

வீட்டு வேலைக்கு மேல் எனக்கு அனுபவமில்லை. கராஜ் வைத்திருக்கிறவர்கள் மெக்கானிக் பாஸ்மாரைக் கேட்கட்டும். 19 நான் இன்னும் வாங்கவில்லை. தேவைப்பட்டால் கீழ்வீட்டு ஓட்டோக்கார அண்ணையிடம் இரவல் வாங்குவேன்.