மார்க்டவுனா, ஸ்பெக் கோப்பா: பணிகளைத் திருத்தும் ஏபிஐக்கு ஆவணம் எழுதிய அனுபவம்

பணித்திட்டப் பதிவுகளைத் திருத்தும் ஒரு சிறிய ஏபிஐ கருவியை எங்கள் குழு பராமரிக்கிறது. பணியின் தலைப்பு, கெடு தேதி, பொறுப்பாளர், எத்தனை சதவீதம் முடிந்தது என எதை மாற்றுவதானாலும் மற்ற நிரல்கள் இதன் வழியாகத்தான் வரவேண்டும். இதற்கான ஆவணத்தை முதலில் மார்க்டவுனில், அதாவது எளிய குறிகள் போட்டு எழுதும் உரை வடிவத்தில், கையால் எழுதினோம். பிறகு, ஏபிஐயின் ஒவ்வொரு அழைப்பையும் கருவிகளும் படிக்கும்படி விவரிக்கும் ஓப்பன் ஏபிஐ ஸ்பெக் கோப்புக்கு மாறினோம். இரண்டிலும் உழைத்துப் பார்த்தவன் என்ற முறையில் என் ஓட்டு ஸ்பெக் கோப்புக்கே.

மார்க்டவுனின் வசதி எல்லோருக்கும் தெரியும். உடனே தொடங்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஸ்பெக் கோப்பின் தொல்லையும் தெரிந்ததுதான்: அதை எழுதும் யாம்ல் வடிவத்தில் ஒரு இடைவெளி பிசகினால் கோப்பே திறக்காது, அதிலிருந்து உருவாகும் பக்கமும் வறட்சியாக இருக்கும். இதை மட்டும் பார்த்திருந்தால் நான் மார்க்டவுனை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன். என்னை நகர்த்தியது பராமரிப்பு.

தரவைப் படிக்க மட்டும் உதவும் ஏபிஐயின் ஆவணம் பழசாகிப்போனால், பெரும்பாலும் பயன்படுத்துபவரின் நேரம்தான் வீணாகும். திருத்தும் ஏபிஐயில் அப்படியில்லை. அங்கே பழைய ஆவணம் வேறொருவரின் வேலையை அழித்துவிடும்.

எங்களுக்கு அது நடந்தது. எங்கள் ஏபிஐயில் ஒரு பணியைப் படிக்கும்போது அதன் அப்போதைய நிலைக்கான அடையாளமாக ஓர் ஈடேக் வரும். திருத்தும்போது அதே ஈடேக்கை, கோரிக்கையின் தலைப்பில் போகும் இஃப்-மேட்ச் ஹெடரில் திருப்பி அனுப்ப வேண்டும். நடுவில் வேறு யாராவது பணியை மாற்றியிருந்தால் சர்வர் 412 என்று மறுத்துவிடும். இஃப்-மேட்ச் ஹெடரில் ஈடேக்குக்குப் பதில் வெறும் நட்சத்திரக் குறியும் போடலாம். பதிவு இருந்தால் போதும், எந்த நிலையில் இருந்தாலும் சரி என்று அதற்குப் பொருள். ஆரம்பகாலச் சோதனை வசதிக்காக மார்க்டவுன் ஆவணத்தின் உதாரணத்தில் அந்த நட்சத்திரத்தைப் போட்டிருந்தோம். பிறகு, உண்மையான ஈடேக்கைத்தான் அனுப்ப வேண்டும் என்று ஒரு பத்தி சேர்த்தோம். மூன்று பத்தி தள்ளியிருந்த உதாரணத்தை யாரும் தொடவில்லை. புதிதாக வந்தவர் அந்த உதாரணத்தை நகலெடுத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். காலையில் படித்த பணிகளை அது இரவில் திருப்பி எழுதியது. மாலையில் திட்டப் பொறுப்பாளர் தள்ளிவைத்த கெடு தேதிகள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டன. ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை, எல்லாப் பதிலும் 200, அதாவது வெற்றி. நகலெடுத்தவர் மேல் குற்றமில்லை. அவசரத்தில் வருபவர் உதாரணத்தைத்தான் எடுப்பார்.

ஸ்பெக் கோப்பில் இஃப்-மேட்ச் கட்டாயம் என்று குறித்திருக்கிறோம். மேற்கோள் குறிக்குள் இருக்கும் மதிப்பை மட்டும் ஏற்கும் வடிவ விதியும் உண்டு. கோப்பிலுள்ள உதாரணங்களை ஒவ்வொரு பில்டிலும் (நிரலைத் தொகுக்கும் ஒவ்வொரு முறையும்) சோதனை சர்வருக்கு அனுப்பிப் பார்க்கிறோம். ஒரே ஈடேக்கோடு இரண்டு திருத்தங்கள் போகும்; இரண்டாவதற்கு 412 வந்தாக வேண்டும். ஹெடரே இல்லாமல் போனால் 428, அதாவது ஹெடர் தேவை என்ற மறுப்பு. யாராவது மறுபடி நட்சத்திரத்தைப் போட்டால் பில்ட் நின்றுவிடும். கையால் எழுதிய பக்கத்துக்கும் இப்படிச் சோதனை கட்டலாம்தான். ஆனால் உரைநடைக்குள் இருந்து உதாரணங்களைப் பிரித்தெடுப்பது தனி வேலை, எங்களால் அதைத் தொடர முடியவில்லை.

அடுத்தது ‘நல்’ (null, மதிப்பு இல்லை என்ற குறி) விவகாரம். 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7396 என்ற இணையத் தர ஆவணத்தின் மெர்ஜ் பேட்ச் முறைப்படி (மாறும் பகுதியை மட்டும் அனுப்பும் முறை), அனுப்பாத புலம், அதாவது தலைப்பு, கெடு தேதி போன்ற பதிவின் பகுதி, அப்படியே இருக்கும். நல் என்று அனுப்பிய புலம் நீக்கப்படும். பட்டியல் என்றால் மொத்தமாக மாற்றப்படும். ஐந்து லேபிள் உள்ள பணிக்கு ஆறாவதை மட்டும் அனுப்பினால் மற்ற ஐந்தும் போய்விடும். நல் ஏற்கப்படும் என்பதை ஓப்பன் ஏபிஐ ஸ்பெக்கின் 3.1 பதிப்பில் புலத்தின் வகையிலேயே சொல்லிவிடலாம். ஆனால் கெடு தேதிக்கு நல் கொடுத்தால் தேதி அழியும் என்று மனிதர்தான் விளக்கத்தில் எழுத வேண்டும். அந்த வரி புலத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், புலத்தை மாற்றுபவர் கண்ணில் அதுவும் படுகிறது. பணித்திட்டச் செயலியான மைக்ரோசாஃப்ட் பிளானரின் ஏபிஐயில் பணிக்கு ஓர் ஈடேக், அதன் விவரப் பகுதிக்கு வேறோர் ஈடேக். இந்த மாதிரி நுணுக்கங்களுக்கும் புலத்தின் பக்கம்தான் சரியான இடம்.

ஓரிடத்தில் மார்க்டவுன்தான் மேல். 412 வந்தபின் என்ன செய்வது? மறுபடி படிக்க வேண்டும், எது மாறியது என்று ஒப்பிட வேண்டும். நாம் தொட நினைத்த அதே புலம் மாறியிருந்தால் மனிதரிடம் கேட்க வேண்டும். வேறு புலம் என்றால் நம் மாற்றத்தை மட்டும் புது ஈடேக்கோடு அனுப்பலாம். புது ஈடேக்கை எடுத்துக்கொண்டு பழைய தரவையே முழுதாக அனுப்பினால் அது நட்சத்திரம் போட்டதற்குச் சமம். இப்படிப் பல அழைப்புகளைக் கோத்துச் சொல்ல வேண்டியதை ஸ்பெக்கில் எழுதிப் பார்த்தோம், படிக்கச் சகிக்கவில்லை. அதனால் இதற்கு மட்டும் ஒரு பக்கம் கையால் எழுதி வைத்திருக்கிறோம். அதன் உதாரணங்களும் ஸ்பெக் கோப்பிலிருந்தே வருகின்றன.

நாங்கள் மூன்றே பேர், ஏபிஐயும் ஒரே பதிப்புதான். பல பதிப்புகளை ஒரே நேரத்தில் நடத்தும் பெரிய குழுவில் இந்த ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை, அங்கேயும் இதே பலன் வரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே நிறைய மார்க்டவுன் பக்கங்கள் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றத் தேவையில்லை. திருத்தும், அழிக்கும் அழைப்புகளை முதலில் நகர்த்துங்கள். எங்களுடைய படிக்கும் அழைப்புகள் இன்னும் மார்க்டவுனில்தான் இருக்கின்றன.