அடி வாங்கும் பையனுக்கு 1098: டெல்டாவில் இந்தச் சேவை எது வரைக்கும் வரும்?

காசு போகாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், பேசுபவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகளுக்கான அரசு உதவி எண் 1098 பற்றிச் சொல்லப்படும் இந்த மூன்றும் உண்மைதான். போனை வைத்த பிறகு என்ன நடக்கும், எந்த இடத்தில் சிக்கி நிற்கும், நின்றால் யார் தள்ள வேண்டும் என்பதுதான் எந்தச் சுவரிலும் எழுதியிருக்காது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் 13 முதல் 17 வயதுப் பையன் இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறோம். பெண்பிள்ளை சொன்னால் பதறுகிற வீடுகூடப் பையன் சொன்னால் "ஆம்பளப் புள்ள, இதுக்கா அழுவுற" என்று தட்டிவிடுகிறது. அவன் அதை இன்னொரு முறை சொல்ல மாட்டான்.

1996-இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் களப்பணியாகத் தொடங்கிய எண் இது. பல ஆண்டுகள் தொண்டு நிறுவனங்களே ஊருக்கு ஊர் நடத்தின. 2023-இல் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மாநில அரசுகளின் கைக்கு வந்தது. இப்போது அழைப்பு மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய், அங்கிருந்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் உள்ள உதவி மையத்துக்கு வருகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் அவசர உதவி எண் 112-க்கு மாற்றிவிடுவார்கள். லாப நஷ்டம் இரண்டும் உண்டு. வருபவர் அரசு அடையாள அட்டையோடு வருவதால் பள்ளிக்கூட கேட் சீக்கிரம் திறக்கிறது. ஆனால் எடுப்பவருக்கு நம் ஊர் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. டெல்டாவில் நல்லூரும் மேலையூரும் எத்தனை! மயிலாடுதுறை 2020 டிசம்பரிலேயே தனி மாவட்டமாகச் செயல்பட ஆரம்பித்துவிட்டது. சீர்காழி, தரங்கம்பாடிப் பக்கத்துப் பெரியவர்கள் பழக்கத்தில் இன்னும் "நாகை மாவட்டம்" என்று சொல்லிவிடுகிறார்கள். மாவட்டம், வட்டம், ஊராட்சி, பக்கத்தில் உள்ள கோயிலோ மதகோ ரேஷன் கடையோ, இந்த வரிசையில் சொன்னால் வண்டி சரியான ஊருக்கு வரும்.

போன் எடுத்ததும் கதையை ஆதியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் வயது. 18 முடியாதவன் என்றால்தான் இந்தச் சட்டங்கள் எல்லாம் வேலை செய்யும். அடுத்து, பையன் இப்போது எங்கே இருக்கிறான், கை வைத்தவர் அதே கூரையின் கீழ் இருக்கிறாரா. மூன்றாவது, மேலே சொன்ன வரிசையில் ஊர் விவரம். அதன் பிறகு என்ன நடந்தது, கடைசியாக எப்போது நடந்தது. வைப்பதற்கு முன் புகாரின் பதிவு எண்ணைக் கேட்டு, தேதி, நேரம், பேசியவர் பெயரோடு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் எந்த அலுவலகம் போனாலும் அந்த நான்கு விவரம்தான் பேசும். பையனே அழைக்கலாம். வாய் வராமல் வைத்துவிட்டால் மறுபடி போடலாம். பேசாமலே துண்டிக்கப்படும் அழைப்புகள் அந்த எண்ணுக்குப் புதிதல்ல. அப்பாவின் போனிலிருந்து அப்பாவைப் பற்றிச் சொல்கிறான் என்றால், அந்த எண்ணுக்குத் திருப்பி அழைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, டயல் செய்த பட்டியலையும் அழித்துவிட வேண்டும்.

வாயால் சொல்லாத பையனை எப்படிக் கண்டுபிடிப்பது? பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளைப் பாருங்கள். ஆணி குத்தினால் ஒரு சக்கரம்தான் இறங்கும். வாரத்தில் இரண்டு நாள் இரண்டு சக்கரமும் இறங்கி, வால்டியூப்பே காணாமல் போயிருந்தால், யாரோ சைக்கிள் ஸ்டாண்டில் நிதானமாக உட்கார்ந்து பிடுங்கியிருக்கிறார்கள். சட்டை முதுகில் பேனா மை தெளித்திருக்கிறதா, அதை வீட்டுக்கு வருமுன் பம்புசெட்டில் அலசிய ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். நேர் பஸ்ஸை விட்டுவிட்டு வாய்க்கால் கரையோடு மூன்று கிலோமீட்டர் நடந்து வருவான். பள்ளியில் கழிவறைக்கே போகாமல், வீட்டுக்குள் நுழைந்ததும் பையை எறிந்துவிட்டுக் கொல்லைக்கு ஓடுவான். காலையில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருப்பான். கழிவறைதான் பெரும்பாலும் சம்பவ இடம். இதை அப்பா அம்மாவைவிட வகுப்பு ஆசிரியர் முதலில் கவனித்திருக்க வேண்டும்.

புகார் எந்த ரகம் என்பதைப் பொறுத்துப் பாதை பிரிகிறது. எங்கள் மதிப்பீடும் ரகத்துக்கு ரகம் மாறும்.

பாலியல் சீண்டல் என்றால் சேவை நன்றாகவே ஓடுகிறது, ஏனென்றால் பின்னால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டம் நிற்கிறது. அது பையன், பெண் என்று பிரிப்பதில்லை. தெரிந்தும் சொல்லாமல் விட்டவருக்கு 6 மாதம் வரையும், நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு ஓர் ஆண்டு வரையும் சிறை உண்டு. "விசாரித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்" என்பது தலைமை ஆசிரியரைக் காப்பாற்றாது. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மேல் வழக்கு வராது. தமிழ்நாட்டில் இந்தப் புகார்கள் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகும். பையன் புகாருக்கும் அதுதான். "லேடீஸ் ஸ்டேஷனுக்கு இவனை ஏன் கூட்டிட்டுப் போவணும்" என்று வாசலிலேயே திரும்புகிற தகப்பன்மார்கள் உண்டு. திரும்ப வேண்டாம். இன்னும் சொன்னால் அவனை அங்கே கூட்டிப் போக வேண்டிய கட்டாயமே இல்லை. வாக்குமூலத்தை அவன் வீட்டிலோ அவன் சொல்லும் இடத்திலோ வந்துதான் எடுக்க வேண்டும், சீருடையில் வரக் கூடாது, அப்பா அம்மாவோ அவன் நம்புகிற வேறு ஒருவரோ கூட இருக்க வேண்டும், இரவில் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. அத்தனையும் சட்டத்திலேயே இருக்கிறது. கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் "ஒரு நிமிஷம் ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க" என்பதுதான் வழக்கம்.

கையில் என்ன காகிதம் கொடுக்கிறார்கள் என்பது அடுத்தது. சி.எஸ்.ஆர் என்கிற மனு ரசீதை வாங்கிக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். மனு ரசீது, மனு வந்ததற்கு மட்டும்தான் சாட்சி. போக்சோவுக்கு முதல் தகவல் அறிக்கைதான் (எப்.ஐ.ஆர்) வேண்டும், அதன் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். 24 மணி நேரத்துக்குள், பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக்குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் காவல்துறை தகவல் சொல்லியாக வேண்டும்.

மருத்துவப் பரிசோதனையில்தான் வீட்டார் கையாலேயே காரியம் கெடுகிறது. பையன் அழுதுகொண்டே வந்து சொன்னதும் முதல் வேலையாகத் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, துணியைத் துவைத்துப் போட்டுவிடுவார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் சாட்சி வாய்க்காலோடு போய்விடும். குளிக்காமல், அதே துணியோடு கிளம்ப வேண்டும். மாற்றிவிட்டால் கழற்றியதைக் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக் பை என்றால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். தடயம் சேகரிக்க 96 மணி நேரம் வரை வழி உண்டு, எச்.ஐ.வி தடுப்பு மருந்துக்கு 72 மணி நேரம்தான். எப்.ஐ.ஆர் இல்லை, போலீஸ் கடிதம் இல்லை என்று எந்த மருத்துவரும் திருப்பி அனுப்பக் கூடாது. தனியார் மருத்துவமனையும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத்தான் தர வேண்டும். நாள் கடந்துவிட்டாலும் போகலாம். தடயம் கிடைக்காததால் புகார் பொய்யாகிவிடாது.

பலரும் கேட்டு வாங்காமல் விடுவது பணம். 2020-இன் போக்சோ விதிகளில் சிறப்பு நிவாரணம் என்று ஒன்று இருக்கிறது. சாப்பாடு, துணி, போக்குவரத்து போன்ற உடனடிச் செலவுக்குக் குழந்தைகள் நலக்குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரை போய்ச் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். சம்பா நடவு நேரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அம்மாவும் அப்பாவும் தஞ்சாவூருக்கு பஸ் ஏறுவது லேசான காரியமில்லை. இரண்டாவது வாய்தாவுக்கு வராமல் போவதற்கு பயத்தைவிட பஸ் காசுதான் பல வீடுகளில் காரணம். கூடவே, வழக்கு முடியும் வரை துணை நிற்க ஒரு துணை நபரைக் குழு நியமிக்கலாம். பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடும் உரிமையும் வீட்டாருக்கு உண்டு.

ஊர்ப் பெரியவர்கள் நுழையும் இடம் இதற்குள்தான். "பேசி முடிச்சுக்கலாம், பையன் பேரு கெட்டுடும்." போக்சோ வழக்கு பேசி முடிக்கக்கூடிய வழக்கு அல்ல. ஓர் ஆசிரியர் மேல் இருந்த வழக்கை, வீட்டாரோடு சமாதானமாகிவிட்டது என்பதற்காக ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அந்த உத்தரவை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டு வழக்கை நடத்தச் சொன்னது. பெயர் கெடும் என்ற பயத்துக்கும் விடை சட்டத்தில் இருக்கிறது: பையனின் பெயர், படம், பள்ளி, ஊர் எதையும் வெளியிடக் கூடாது. பத்திரிகைக்கு மட்டுமல்ல, வாட்ஸ்அப் குழுவில் பரப்புகிறவருக்கும் இது சிக்கல்தான்.

அடிக்கிற ஆசிரியர், விடுதிக் காப்பாளர், குடித்துவிட்டு வந்து பெல்ட்டைக் கழற்றும் தகப்பன் என்றால், 2015-இன் இளைஞர் நீதிச் சட்டம் 75-ஆவது பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்; பிள்ளைகளின் பராமரிப்பை ஏற்ற நிறுவனத்தின் ஊழியர் என்றால் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தில் அடிப்பதைத் தடுக்கும் பிரிவு 14 வயது வரைக்கும்தான் என்பதால், ஒன்பதாம் வகுப்பிலிருந்து 75-ஐச் சொல்லித்தான் மனு எழுத வேண்டும். வீட்டுக்குள் நடப்பது என்றால் அம்மாக்களுக்கு ஒரு பயம், "ஹோம்ல கொண்டு போட்டுடுவாங்க" என்று. காப்பகம் என்பது சட்டப்படி கடைசி வழி. பாட்டி வீடோ மாமா வீடோ பாதுகாப்பு என்று குழந்தைகள் நலக்குழுவிடம் சொன்னால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். குழுவில் தலைவரும் 4 உறுப்பினர்களும் இருப்பார்கள், மாதம் 20 நாளாவது கூட வேண்டும், கூடாத நாளில் ஒரு உறுப்பினர் முன்னாலும் பையனை நிறுத்தலாம்.

சேவை பலவீனமாக இருப்பது கூடப் படிக்கிற பையன்கள் செய்யும் வதையில். காரணம் இருக்கிறது: அடித்தவனும் 18-க்குக் கீழ். குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றம், அல்லது பெரியவரோடு சேர்ந்து செய்தது என்றால் தவிர எப்.ஐ.ஆர் போட மாட்டார்கள். பொது நாட்குறிப்பில் எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையோடு, 18-க்குக் கீழ் உள்ளவர்கள் மீதான வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். அது சரியான ஏற்பாடுதான். அதனால் மொத்தப் பாரமும் பள்ளியின் மேல் விழுகிறது, பள்ளி செய்வதோ பெரும்பாலும் ஒரே வைத்தியம். இரண்டு பேரையும் ஒரே அறைக்குக் கூப்பிட்டு, "நீ என்னடா பண்ணின" என்று அடி வாங்கியவனை முதலில் கேட்டு, கையைக் குலுக்கச் சொல்லி அனுப்புவது. கை குலுக்கின அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் காட்டிக் கொடுத்ததற்கும் சேர்த்து விழும். உதவி மையத்திலிருந்து வருபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: பையன்களைத் தனித்தனியாக விசாரிக்கட்டும், பெஞ்ச் மாற்றம், கழிவறைப் பக்கம் இடைவேளையில் ஆசிரியர் நிற்பது, பள்ளி விடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் பையனை அனுப்புவது, இவற்றை எழுத்தில் வாங்கட்டும். "பார்த்துக்கிறோம்" என்ற வாய்ச்சொல்லை வாங்கிக்கொண்டு திரும்பினால் வந்த பெட்ரோல்தான் வீண்.

சாதி சொல்லித் திட்டுவதும் அடிப்பதும் சேர்ந்திருந்தால் மனுவில் அந்த வார்த்தையை அப்படியே எழுதுங்கள், நாகரிகம் பார்த்து "தகாத வார்த்தை" என்று போட்டால் வன்கொடுமைச் சட்டம் நழுவிவிடும். அந்தச் சட்டத்தில் விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதி அடையாளமாகக் கட்டும் கைக்கயிற்றுக்குத் தடை உட்படப் பல பரிந்துரைகளை 2024 ஜூனில் கொடுத்தது. டெல்டாப் பள்ளிகளில் கயிறு இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

மற்ற எண்களில், 14417 பள்ளிக் கல்வித்துறையுடையது. ஆசிரியர் மீதான புகாருக்கும் டி.சி சிக்கலுக்கும் 1098-ஐவிட அதுவே நேர்வழி, இரண்டிலும் சொல்லுங்கள். பையன் தூங்கவில்லை, சாவைப் பற்றிப் பேசுகிறான் என்றால் காத்திருக்காமல் மனநல உதவி எண் 14416. மாணவர்கள் குறையை எழுதிப் போடப் பள்ளியில் வைத்திருக்கும் "மாணவர் மனசு" பெட்டி நல்ல யோசனை. ஆனால் அது தலைமை ஆசிரியர் அறை வாசலில் மாட்டியிருந்தால் எவன் போய்ச் சீட்டுப் போடுவான்?

மூன்றாவது வாரம்தான் இந்தச் சேவைக்கு உண்மையான பரீட்சை. அதிகாரி வந்து போயிருப்பார், பள்ளி இரண்டு நாள் ஜாக்கிரதையாக இருந்திருக்கும், பையன் மறுபடி வாய்க்கால் கரையில் நடக்க ஆரம்பித்திருப்பான். பின்தொடர்ச்சி இங்கே தொய்கிறது. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுக்கலாம், அவ்வளவுதான். வீட்டார் அலுத்துப்போய் டி.சி வாங்கிவிட, அடித்தவன் அதே பெஞ்சில் இருக்க, அடி வாங்கியவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ சென்னையில் மளிகைக் கடைக்கோ போய்ச் சேருவான். டி.சி கேட்கும் முன் 1098-க்கே மறுபடி போட்டு, பழைய பதிவு எண்ணைச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் யாரும் வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளுக்குப் போங்கள். நோட்டில் எழுதிய நான்கு விவரத்தையும் மனுவின் முதல் பத்தியிலேயே போட்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு நகல் என்று கீழே குறித்து, மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் வரிசையை விட்டு நகராதீர்கள்.